காணிக்கையை விட்டுவிட்டு: தில்லையடியும் கிறிஸ்தவ அன்பும்

தில்லையடி என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்குத் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள ஊரும் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் உயிர் கொடுத்த வள்ளியம்மையும் நினைவுக்கு வரலாம். இந்தத் தில்லையடி இலங்கையின் வடமேற்குக் கரையில் இருக்கிறது. புத்தளம் நகரை ஒட்டிய ஊர். 1990 ஒக்டோபருக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் கிடுகுக் கொட்டில் போட்டுத் தங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. கொட்டில்கள் பின்னர் கல்வீடுகளாயின. அகதியாக வந்த பிள்ளை இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் முடித்து, பேரப்பிள்ளை கண்டுவிட்டது. ஆனாலும் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் யாழ்ப்பாணத்துச் சோனகதெரு என்றோ மன்னாரின் எருக்கலம்பிட்டி என்றோ பதில் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முஸ்லிம்கள் வாழும் ஓர் ஊரை முன்வைத்துக் கிறிஸ்தவ அன்பைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. குறையுள்ள மனிதரை ஏற்பது, மன்னிப்பது, அவர்களுக்குப் பணி செய்வது என்று கிறிஸ்தவ அன்பைப் பேசும்போதெல்லாம் நாம் மன்னிப்பவரின் இடத்தில் நம்மை வைத்துக்கொண்டே பேசுகிறோம். குறை மற்றவரிடம், தாராளம் நம்மிடம். மத்தேயு நற்செய்தியில் பேதுரு ஆண்டவரிடம் கேட்ட கேள்வியும் அப்படித்தான் இருந்தது: என் சகோதரன் எனக்கு எதிராகக் குற்றம் செய்தால் எத்தனை முறை மன்னிக்க வேண்டும்? எழுபது தடவை ஏழு முறை என்ற பதிலை எல்லோரும் அறிவர். ஆனால் அதே மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், மலைப்பொழிவின் நடுவே, திசை மாறிய இன்னொரு கட்டளை இருக்கிறது. நீ பலிபீடத்தில் காணிக்கை வைக்க வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போ. முதலில் அவனோடு ஒப்புரவாகு. பிறகு வந்து காணிக்கை செலுத்து. இங்கே குறையுள்ளவன், கோயிலில் நிற்பவன்தான். வடமாகாணத் தமிழ்க் கிறிஸ்தவருக்குத் தில்லையடி அந்த நினைவு வரும் இடம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1990இல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல முடியும். சொல்லித் தீர்க்க முடியாது. ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கி, மாத இறுதிக்குள் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 அன்று ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை மைதானத்துக்கு வரவழைத்து, வெளியேற இரண்டு மணிநேரம் கொடுத்தார்கள். கையில் கொண்டுபோகச் சொற்பப் பணமும் மாற்றுடையும் மட்டுமே அனுமதி. நகையும் உறுதிப்பத்திரமும் சோதனையில் பறிபோயின. தையல் இயந்திரமும் கடைச்சாமானும் ஆட்டுக்கொட்டிலும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. பல தலைமுறை ஒரே ஊரில் ஒரே மொழி பேசி வாழ்ந்தவர்களைத் துரத்தியவர்களும் தமிழ் பேசினார்கள்.

மன்னாரின் கதை சற்று வேறு விதமானது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும். மன்னார் மாவட்டத்தில் கத்தோலிக்கர் பெருந்தொகையினர். 1981இல் அது தனி மறைமாவட்டமானது. பேசாலையும் முருங்கனும் தலைமன்னாரும் கோயிலைச் சுற்றி அமைந்த ஊர்கள். முஸ்லிம்கள் ஒக்டோபர் 28க்குள் வெளியேற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோது இப்பகுதிகளின் தமிழர்கள் புலிகளிடம் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் தலையிட்டு, இத்தனை ஆயிரம் பேர் இத்தனை நாளுக்குள் எப்படிப் போவார்கள் என்று கேட்டார்கள். காலக்கெடு நவம்பர் 2 வரை நீண்டது. மக்களை வெளியேற்றி அனுப்பும் ஏற்பாட்டிலும் குருக்கள் உதவினார்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் கடல் கடந்து கற்பிட்டியில் இறங்கினார்கள். அங்கிருந்துதான் பலர் புத்தளத்தின் பள்ளிவாசல்களுக்கும் பாடசாலைகளுக்கும் தென்னந்தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

இந்தச் சில நாட்களை எப்படி மதிப்பிடுவது? துப்பாக்கி ஏந்தியவர்களின் முன்னால் நின்று கேள்வி கேட்பது அந்த ஆண்டில் உயிரோடு விளையாடுவதற்குச் சமம். ஓராண்டுக்கு முன்புதான், 1989 செப்டம்பர் 21 அன்று, மனித உரிமைக்குக் குரல்கொடுத்துவந்த யாழ்ப்பாண மருத்துவபீட உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திராணகம வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். எனவே மன்னாரின் குருக்களும் ஊரவரும் பெற்ற அந்தச் சில நாட்களை நான் சிறிதாகக் காணமாட்டேன். பிள்ளைத்தாய்ச்சியை வள்ளத்தில் ஏற்றவும் நடக்க முடியாத முதியவரைத் தூக்கிச் செல்லவும் அந்த நாட்கள் உதவியிருக்கும். எனினும் குருக்கள் கேட்டுப் பெற்றது அவகாசம், வெளியேற்றம் நின்றுவிடவில்லை. அயலவரின் கண்ணீர் உண்மையானதுதான், வீடு காலியானதும் உண்மைதான். அன்பு தன்னால் இயன்றதைச் செய்து முடித்த பின்னும் மிஞ்சிய பாரம் ஒன்று இருந்தது. அதுதான் முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தில்லையடியில் இருக்கிறது.

அந்நாட்களில் உடனடிப் பணியைச் செய்தவர்கள் புத்தளத்து முஸ்லிம்கள். அரசும் உதவி நிறுவனங்களும் வந்து சேருமுன் சோறாக்கிக் கொடுத்தவர்கள், பள்ளிவாசலைத் திறந்துவிட்டவர்கள், தங்கள் தோட்டத்தில் கொட்டில் போட இடம் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற சமாரியனின் கதையில் இயேசு தம் சொந்தச் சமயத்தாரை அந்த இடத்தில் வைக்கவில்லை. குருவும் லேவியனும் விலகிப் போக, வேற்றானொருவன் நின்று உதவினான். அன்பு எப்படி இருக்கும் என்று காட்ட ஆண்டவரே தம் எல்லைக்கு வெளியே கைநீட்டியிருக்கிறார். ஆகவே புத்தளத்தார் செய்ததைக் கிறிஸ்தவ அன்பின் அளவுகோலால் அளந்து பார்க்கக் கிறிஸ்தவருக்குக் கூச்சம் தேவையில்லை. அந்த விருந்தோம்பலும் குறையற்றதாக நீடிக்கவில்லை என்பது வேறு. வருடங்கள் போகப் போகக் கூலி வேலையிலும் காணி விலையிலும் பாடசாலை இடத்திலும் குடிதண்ணீரிலும் உரசல் வந்தது. "அகதி" என்ற சொல் வசையாகவும் மாறியது. பல்லாயிரம் பேரை ஏற்றுக்கொண்ட வறண்ட மாவட்டம் ஒன்றில் அப்படி உரசாதிருந்தால்தான் வியப்பு. உரசிக்கொண்டே ஒன்றாய் வாழ்ந்தார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். 2007இல் தொடங்கிய உலக வங்கியின் புத்தளம் வீடமைப்புத் திட்டம் இடம்பெயர்ந்தோரோடு உள்ளூரின் வறிய குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டதற்கு இந்த உரசலும் ஒரு காரணம்.

இந்தக் கரைக்கு அகதிகள் வருவது 1990இல் தொடங்கிய கதை அல்ல. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கத்தோலிக்கப் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குத் தன் நாட்டில் இடம் கொடுத்தான். சில பத்தாண்டுகளில் சக்கரம் சுழன்றது. 1658க்குள் போர்த்துக்கேயரை அகற்றிய டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்தார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கும் மரணதண்டனை என்றார்கள். இப்போது ஓட வேண்டியவர்கள் கத்தோலிக்கர். துரத்திய சபையே துரத்தப்பட்ட சபையானது. அவர்களுக்கும் புகலிடம் கண்டி மன்னனின் நாடுதான். அந்நாட்டின் துறைமுகங்களில் ஒன்று புத்தளம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கோவாவின் பெனௌலிமில் 1651இல் பிறந்த ஜோசப் வாஸ் அடிகள். 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். வந்ததும் கடும் நோயில் விழுந்தார். தொற்றுக்குப் பயந்த மக்கள் அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டதாகவும், ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவர் உயிரைக் காத்ததாகவும் அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சில்லாலையை இருப்பிடமாக்கி இரவில் ஊர் ஊராகச் சென்று மறைவாகப் பணி செய்தார். 1689 கிறிஸ்மஸ் இரவில் கூடியிருந்த கத்தோலிக்கர்மீது டச்சு ஆட்சியாளர்கள் பாய்ந்ததும் அங்கே இருப்பது அடைக்கலம் தந்தவர்களுக்கே ஆபத்தாயிற்று. 1690இல் அவர் புத்தளம் வந்தார். பின்னாளில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வந்து சேர்ந்த அதே இடத்துக்கு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்ட ஒரு கத்தோலிக்கக் குரு வந்திருக்கிறார்.

புத்தளத்திலிருந்து கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று பிரெஞ்சுக் கால்வினியர் ஒருவர் மன்னனிடம் சொல்ல, 1692இல் சிறைவைத்தார்கள். இரண்டாம் விமலதர்மசூரியனின் காலம் அது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் வசதியுள்ளோரும் நகரை விட்டு அகன்றார்கள். நோயாளிகளைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நோய் அப்படிப்பட்டது. வாஸ் அடிகளும் உறவினரான இளங்குரு ஜோசப் கர்வாலோவும் நகரில் தங்கினார்கள். நோயாளிகளுக்குக் கொட்டில் போட்டார்கள். சீழ் துடைத்தார்கள், கஞ்சி ஊட்டினார்கள், செத்தவரைத் தாங்களே குழிவெட்டிப் புதைத்தார்கள். கத்தோலிக்கர், பௌத்தர் என்று பார்க்கவில்லை. தம்மைச் சிறைவைத்த அரசனின் குடிகள் என்றும் பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பெரியம்மைக் காலத்தின் அந்த ஊழியத்தில் என்னைக் கவர்வது அதன் வரிசை. ஒற்றரென்று நினைத்த மக்களிடம் முதலில் பழியைத் திரும்பப் பெறுங்கள் என்று அவர் கேட்கவில்லை. அவர் குற்றமற்றவர் என்பதை நிறுவியது சொல்லைவிட அந்தக் கொட்டில்கள்தாம். குறையுள்ளவரை ஏற்பது என்பதை நோயாளியின் படுக்கைக்கு அருகில் குந்தியிருக்கும் வேலையாக அவர் புரிந்துகொண்டிருந்தார். புண்பட்டவர் தாமே பணியாளராகவும் இருந்ததால், மன்னிப்பும் பணியும் அவரிடம் ஒன்றாகிவிட்டன.

ஆனால் தில்லையடியின் கணக்கு வேறு. இங்கே புண்பட்டவர்கள் முஸ்லிம்கள். தமிழ்க் கிறிஸ்தவர் துப்பாக்கி தூக்கியிருக்காவிட்டாலும், துரத்தியவர்கள் தமிழரின் பேரில் துரத்தினார்கள். வாஸ் அடிகளைப் போலப் பணி செய்யலாம், செய்யவும் வேண்டும். மன்னிக்கும் உரிமை மட்டும் பணியாளரிடம் கிடையாது. அது இழந்தவரிடம் இருக்கிறது. "நடந்தது நடந்துவிட்டது, மன்னித்து மறந்து சேர்ந்து வாழ்வோம்" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிற தமிழரை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தன் கையில் இல்லாத ஒன்றை அவர் கொடுத்துவிடப் பார்க்கிறார்.

2002 ஏப்ரல் 10 அன்று கிளிநொச்சியில் நடந்த பெரிய பத்திரிகையாளர் சந்திப்பில் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்துக்கு வருத்தமும் மன்னிப்பும் தெரிவித்தார். முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்றார். மூன்று நாளில் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டார்கள். அந்த மன்னிப்பு வெறும் அரசியல் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. தவறு என்று சொன்னதற்கே ஒரு பெறுமதி உண்டு. எனினும் யார் முடிவெடுத்தார்கள், ஏன், எடுத்த நகையும் பொருளும் எங்கே போயின என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் நன்மைக்கு முன் படிக்கும் பாவசங்கீர்த்தன ஒழுங்கையே எடுத்துக்கொள்வோம். மனஸ்தாபப்படுதல், பாவத்தை வெளிப்படச் சொல்லுதல், பரிகாரம் செய்தல். களவெடுத்தவன் களவைத் திருப்பிக் கொடுக்காமல் கணக்கு முடியாது. சக்கேயு என்ற வரிக்காரன் வீட்டுக்கு இயேசு விருந்துக்குப் போனார். முன்நிபந்தனை போடவில்லை, அப்படியே ஏற்றார். விருந்துக்கு வந்தவரின் முன் சக்கேயு எழுந்து நின்று, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றான். ஏற்றுக்கொள்ளப்பட்டதால்தான் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கும் துணிவு வந்தது. இரண்டில் ஒன்றை வெட்டிவிட்டால் கதை கெட்டுப்போகும்.

உண்மையைச் சொல்லும் வேலையைச் சிலர் செய்திருக்கிறார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், 2018இல் இறக்கும்வரை தம் மக்களின் இழப்பைக் கணக்கெடுத்துப் பதிந்துவந்தார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு, யாழ்ப்பாணத் தமிழரிடையே இருந்து எழுந்த குரலாக, இந்த வெளியேற்றத்தை அப்போதே கண்டித்து எழுதியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ராஜினி தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய மகள் ஷாரிகா திராணகம மானிடவியலாளராகிப் புத்தளத்துக்கு வந்து, யாழ்ப்பாண முஸ்லிம்களின் வீடுகளில் உட்கார்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டு, 2011இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அதே ஆண்டில், சட்டமும் சமூகமும் நம்பிக்கை நிறுவனத்தின் முன்முயற்சியால் அமைந்த குடிமக்கள் ஆணைக்குழுவும் வெளியேற்றம் பற்றிய விரிவான அறிக்கையை வெளியிட்டது. தாயைக் கொன்ற வன்முறையால் துரத்தப்பட்ட மக்களைத் தேடி மகள் வந்து, அவர்கள் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்டிருக்கிறார். இதையும் பணி என்றே எண்ணுகிறேன், சோறு கொடுப்பதற்குக் குறையாத பணி.

2009இல் போர் முடிந்து முஸ்லிம்கள் திரும்பிப் போகத் தொடங்கியபோது, அன்பு எங்கே சோதிக்கப்படும் என்பது தெரிந்தது. மன்னார் நகரின் உப்புக்குளத்து மீனவர்கள் தங்கள் பழைய இறங்குதுறையான கோந்தைப்பிட்டிக்கு வந்தார்கள். அங்கே இருபது ஆண்டுகளாக வேறு மீனவர்கள் வள்ளம் கட்டியிருந்தார்கள். விடத்தல்தீவிலிருந்து போரால் துரத்தப்பட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் அவை. அவர்கள் குடியிருந்த இடத்தின் பெயர் ஜோசப்வாஸ் நகர். இரு பக்கமும் ஏழைகள், இரு பக்கமும் அகதிகள், இரு பக்கத்துக்கும் கடலைத் தவிர வேறு வயிற்றுப்பாடு கிடையாது. 2012 ஜூலையில் இந்த இறங்குதுறைத் தகராறு தெருவுக்கு வந்து, மன்னார் நீதிமன்றம் கல்லெறிபடும் அளவுக்குப் போனது. அங்கே எந்தத் தரப்பையும் கொடியவர் என்று சுட்டிவிட முடியாது. குறையுள்ள மனிதரை ஏற்பது என்பது அங்கே, இந்த மணலில் யார் வள்ளம் எங்கே நிற்கும், காலையில் யார் முதலில் மீன் இறக்குவது என்ற பேச்சாகத்தான் வடிவெடுக்கும். புனிதரின் பெயர் தாங்கிய குடியிருப்பிலிருந்து அந்தப் பேச்சு தொடங்குவது பொருத்தமானது என்று நம்புகிறேன்.

2019இல் இடங்கள் மாறின. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் சபை, கொழும்பு விடுதிகள். முஸ்லிம் தீவிரவாதக் குழுவொன்றின் தற்கொலைக் குண்டுகளில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், குழந்தைகள் பலர். இம்முறை இழந்தவர்கள் கிறிஸ்தவர்கள். அந்த ஆண்டு ஜனவரியிலேயே புத்தளம் மாவட்டத்தின் வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டமொன்றில் வெடிபொருள் பிடிபட்டிருந்ததால் மாவட்டத்து முஸ்லிம்கள் முழுவதும் சந்தேகத்தின் நிழலில் விழுந்தார்கள். 1990இல் அகதியானவர் 2019இல் சோதனைச்சாவடியில் சந்தேகநபரானார். மே மாத நடுவில் சிலாபத்தில் தொடங்கிய தாக்குதல் மாவட்டத்தின் தென்பகுதிக்குப் பரவியது. கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தச்சர் தன் வீட்டில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அந்த வாரங்களில் செய்ததை இக்கரையில் உள்ளவர்கள் மறக்கக் கூடாது. முஸ்லிம் ஒருவர்மீதும் கைவைக்காதீர்கள் என்று கத்தோலிக்கரைக் கேட்டுக்கொண்டார். நீர்கொழும்பில் மே 5 அன்று கலவரம் மூண்டபோது நேரில் சென்றார். அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு மறையுரையில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். அதோடு நிற்கவில்லை. யாருக்கு முன்கூட்டித் தெரிந்திருந்தது, ஏன் தடுக்கவில்லை, பின்னால் யார் என்ற கேள்விகளை அரசுகள் மாற மாற ஓயாமல் கேட்டார். 2021 மார்ச்சில் கத்தோலிக்கர் கறுப்பு ஞாயிறு அனுசரித்தார்கள். 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மன்னித்தவர் ஏன் இன்னும் நீதி கேட்கிறார் என்று சிலர் அப்போது கேட்டார்கள். மன்னிப்பு பழிவாங்கலைக் கைவிடுகிறது, உண்மையைக் கைவிடுவதில்லை. பிள்ளையை இழந்த கட்டுவாப்பிட்டித் தாய்க்கு இந்த விளக்கம் நமக்கு முன்பே தெரிந்திருக்கும். இதே உரிமையைத்தான் தில்லையடியில் இருப்பவரும் கேட்கிறார். கிறிஸ்தவர் தமக்கு ஒன்றும் தில்லையடிக்கு ஒன்றுமாக இரண்டு மன்னிப்புக் கோட்பாடு வைத்துக்கொள்ள முடியாது. தாம் இழந்தபோது உண்மையும் இழப்பீடும் வேண்டும் என்று கேட்ட சபை, தம் அயலவர் இழந்ததற்கும் அதையே கேட்டால்தான் அதன் மன்னிப்புப் பேச்சுக்கு எடை இருக்கும்.

அப்படிக் கேட்பது பெரிய மாநாடாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் காணி யாருடையது, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பது ஊரவருக்குத் தெரியும். உறுதிப்பத்திரம் பறிபோன குடும்பத்துக்காகச் சாட்சி சொல்லப் பிரதேச செயலகத்துக்கு ஒரு பங்குக் குரு கூட நடந்தால் பல வருட அலைச்சல் குறையும். வடக்கின் முஸ்லிம்கள் ஒக்டோபர் இறுதியை ஆண்டுதோறும் துக்கநாளாக நினைவுகூர்கிறார்கள். மன்னாரில் குருக்கள் கேட்டுப் பெற்ற காலக்கெடு முடிந்தது நவம்பர் 2 அன்று. கத்தோலிக்கர் தம் இறந்தோருக்காகச் சேமக்காலைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றும் நாள் அது. இரண்டு நாட்களும் இவ்வளவு அருகில் இருக்கையில், மன்னார், யாழ்ப்பாண மறைமாவட்டக் கோயில்கள் அந்த வாரத்தின் ஞாயிறு மன்றாட்டில் 1990இல் வெளியேற்றப்பட்ட ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கலாம்: சாவகச்சேரி, சோனகதெரு, எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, முசலி, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி. காணிக்கைப் பாடலுக்கு முன்னால்.